அம்மாவுக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல், "மனசுதான்" என்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பாலக்கோடு மகள்:
அம்மாவுக்கு 58 வயது, 12 வருஷமாக சர்க்கரை. அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்கப்புறம்தான் நெஞ்சு படபடப்பு, வயிறு உப்புசம், ரெண்டு வாய் களி உள்ளே போனதும் போதும் என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். தக்காளித் தோட்டம் பக்கமே போவதில்லை. ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. ஆனால் மூன்று மாத சர்க்கரை சராசரி 7.4-லிருந்து 10.1-க்கு ஏறிவிட்டது. போன வாரம் ஒரு டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பிவிட்டார். "அப்போ நான் நடிக்கிறேனா" என்று அம்மா பஸ்ஸிலேயே அழுதார். மனசு என்று கண்டுபிடிக்க டெஸ்ட் ஏதாவது இருக்கிறதா?

காவேரிப்பட்டணம் நர்ஸ்:
தங்கச்சி, ரிப்போர்ட் நார்மல் என்பதால் மட்டும் மனசு என்று சொல்லக் கூடாது. மனசுக்கான அடையாளம் தனியாக இருக்க வேண்டும், அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கடந்த ரெண்டு வாரத்தில் மனசு சோர்ந்தே இருந்ததா, முன்பு பிடித்த வேலையில் பிடிப்பு போய்விட்டதா, இந்த ரெண்டும்தான் முதலில் கேட்பது. ஆமாம் என்றால் மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ 9 என்று ஒன்பது கேள்வி கேட்போம், மொத்தம் 27 மார்க், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல டாக்டர் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல், அந்த ஒன்பதில் சோர்வு, தூக்கம், பசி பற்றியும் வருகிறது, அதெல்லாம் சர்க்கரையாலேயே வரும். அதனால்தான் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்று 1983-இல் வந்த 14 கேள்விப் பட்டியலில் உடம்பு சம்பந்தப்பட்டதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அம்மாவிடம் பசியைக் கேட்பதைவிட தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், பல வருஷ சர்க்கரையில் இரைப்பை நரம்பு மந்தமாகி சாப்பாடு இறங்காமல் நிற்கும், எண்டோஸ்கோபியில் புண் எதுவும் தெரியாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதிலும் மனச்சோர்வு வரலாம். பி12, தைராய்டு பார்த்தீர்களா?

பென்னாகரம் வாசகன்:
எங்கள் அப்பாவுக்கு மூட்டும் முதுகும் இறுகி வலித்தபோது இதே "மனசு" கதைதான். நம் ஊர் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வந்த பாதிப்பு எக்ஸ்ரேயில் எலும்பிலேயே தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வலியோடு நாலு வருஷம் கிடந்ததில் அவருக்கு மனச்சோர்வும் இருந்தது. ரெண்டுக்கும் மருந்து கொடுத்த பிறகுதான் எழுந்து நடந்தார். இதுவா அதுவா என்று பிரித்துப் பார்த்ததிலேயே எங்களுக்கு நாள் போய்விட்டது.

காவேரிப்பட்டணம் நர்ஸ்:
அண்ணன் சொல்வது சரி. இன்னொன்று, 2021-இல் நம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது இல்லையா, வாங்கிய மாத்திரையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சர்க்கரை இப்படி ஏறும்போது நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லையா என்பதையும் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், ராத்திரியானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.

பாலக்கோடு மகள்:
அக்கா, பீரோவில் பிரிக்காத அட்டைகள் பதினொன்று இருந்தன. கேட்டேன். சாகணும் என்றெல்லாம் இல்லையாம், "உங்கப்பாதான் ராத்திரி மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பார், இப்போ யாருக்காகப் போடணும்" என்றார். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். நாளைக் காலை தர்மபுரி அரசு ஆஸ்பத்திரி போகிறோம், சர்க்கரைக்கும் மனநலத்துக்கும் சேர்த்தே காட்டிவிடுகிறேன். அந்த அட்டைகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.