வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு கணக்கு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லடி, நாலு வயது மகளின் அம்மா:

மகள் முன்பள்ளிக்குப் போகிறாள். ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். ஆனால் "ஏழு வெங்காயம் எடுத்துத் தாங்க மகள்" என்று கேட்டால் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து வைப்பாள். எண்களின் பெயர் அவளுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். எண்ணுவது இன்னும் வரவில்லை. அதனால் சமையலுக்கு இருக்கும்போது அவளையும் பக்கத்தில் இருத்திக்கொள்கிறேன்.

சின்ன வெங்காயத்தைச் சுளகில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டு, தொட்டதை ஒரு பக்கம் தள்ளச் சொன்னேன். தள்ளுவதுதான் இதில் முக்கியம். தள்ளாமல் விரலால் மட்டும் சுட்டினால் ஒன்றையே இரண்டு தரம் எண்ணுவாள், சிலதை விட்டுவிடுவாள். தள்ளத் தொடங்கியதும் அது நின்றது. ஆனால் எண்ணி முடித்த பிறகு "அப்போ மொத்தம் எத்தனை?" என்றால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். கடைசியாகச் சொன்ன எண்தான் அந்தக் கூட்டத்தின் அளவு என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. நான் திருத்தவில்லை. எண்ணி முடிந்ததும் கையால் எல்லாவற்றையும் வளைத்துக் காட்டி "ஏழு வெங்காயம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது அவளே வளைத்துக் காட்டிச் சொல்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு கோப்பை வைப்பதும் அவள் வேலைதான். அம்மம்மா வந்திருந்தால் "இன்னொண்டு வேணும்" என்று தானாகவே அடுப்படிக்கு ஓடுவாள். உங்கள் வீடுகளில் எப்படி?

மருதமுனை, இரண்டு பிள்ளைகளின் உம்மா:

எங்கள் ஊரில் கைத்தறி என்றால் சொல்ல வேண்டியதில்லை. மகன் சாரத்தின் கோடுகளைப் பார்த்தே ஒழுங்கு பிடித்துவிட்டான். சிவப்பு, சிவப்பு, வெள்ளை, பிறகு என்ன வரும் என்று கேட்பேன். மிஞ்சிய நூலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால் பாயில் அடுக்குவான். ஒரு நாள் நான் வேண்டுமென்றே ஒரு நிறத்தை மாற்றி வைத்தேன். "உம்மா, இது இங்க வராது" என்றான். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத வயசில் இவ்வளவு கூர்மையா என்று எனக்குச் சந்தோஷம்.

திருக்கோவில், அப்பா:

கடற்கரையில் மீன் கூறு போடுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம்முடையவர்கள். சூடை மீன் கொண்டுவந்தால் மகனிடம்தான் சட்டியைக் கொடுப்பேன். "நாலு பேருக்குக் கூறு போடுங்க" என்றால் நாலு தட்டை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வருவான். வகுத்தல் என்ற சொல்லே அவனுக்குத் தெரியாது, ஆனால் செய்வது வகுத்தல்தான். கடைசியில் இரண்டு மீன் மிஞ்சினால்தான் பெரிய யோசனை. ஒரு நாள் "இது யாருக்கும் சரியா வராது அப்பா, பூனைக்குக் குடுப்பம்" என்றான். மீதி என்பதை இதைவிடத் தெளிவாக நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

களுவாஞ்சிக்குடி, முன்பள்ளி ஆசிரியை:

கல்லடித் தங்கச்சி, நீங்கள் திருத்தாமல் விட்டது நல்லது. பெற்றோர் அதிகம் பயப்படுகிற ஒன்றையும் சொல்கிறேன். சோடா மூடி ஆறு ஆறாக இரண்டு வரிசை வையுங்கள். சமம் என்று பிள்ளை சொல்லும். பிறகு ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்புங்கள். "இதுதான் கூட" என்று நீண்ட வரிசையைக் காட்டும். கண்முன்னாலேயே நடந்தும் அப்படித்தான் சொல்லும். சுவிஸ் நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே இதைத்தான் பிள்ளைகளிடம் பார்த்து எழுதினார். ஆறு, ஏழு வயதளவில் தானாகத் தெளியும். அதற்கு முன் அதட்டினால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிடும், மூடியைப் பார்க்காது. அது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம்.

தாயம் விளையாடும் வீடுகளில் சோகியை (சோழியை) எறிந்து, எண்ணாமலே "மூண்டு!" என்று சொல்லப் பழக்குங்கள். மூன்று வரை கண்ணே சொல்லிவிடும். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் சோகி, புளியங்கொட்டை, மூடி எதையும் தரையில் விட வேண்டாம், வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும்.

சம்மாந்துறை, வாப்பா:

கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போவேன். அரை றாத்தல் பாண் வாங்கினால், இரண்டு அரை சேர்ந்தால் ஒரு முழுப் பாண் என்று அவளே பொருத்திப் பார்ப்பாள். காசுதான் சிக்கல். ஐந்து ரூபாய்க் குத்தி நாலும் இருபது ரூபாய்க் குத்தி ஒன்றும் வைத்தால் நாலைத்தான் எடுப்பாள், கூட இருக்கிறதாம். சரி, காசின் பெறுமதி பிறகு வரட்டும் என்று குத்தியின் வடிவத்துக்குப் போனோம். இருபது ரூபாய்க்கு ஏழு பக்கம், பத்து ரூபாய்க்குப் பதினொன்று. தொடங்கும் மூலையில் பேனையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

கல்லடி அம்மா:

புள்ளி வைப்பது நல்ல யோசனை, இன்றைக்கே செய்து பார்க்கிறேன். கல்முனைக்குப் பஸ்ஸில் போகும்போது வீதியோரக் கிலோமீற்றர் கட்டைகளை வைத்து யாராவது ஏதும் செய்து பார்த்தீர்களா? பஸ் ஓடுகிற ஓட்டத்தில் இலக்கத்தை வாசிக்க மகளுக்கு நேரம் காணாது.