சாட்சியை மறைத்த நகல்: யாரிடமாவது நல்ல மாதிரி இருக்கிறதா?

டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றத்தில் யுஏபிஏ (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கு பார்க்கும் நம்மூர் வக்கீல்களிடம் ஓர் உதவி.

அந்தச் சட்டத்தின் 44-வது பிரிவில் சாட்சியின் பெயர், முகவரியை மறைக்க உத்தரவு வாங்கிவிடலாம். உயிருக்கு ஆபத்து என்பதற்கான காரணத்தை நீதிபதி எழுத்தில் பதிய வேண்டும். சிக்கல் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் வாக்குமூல, ஆவண நகலில்தான். 'சாட்சி ஏ' என்று போட்டுவிட்டு, அடுத்த வரியில் "என் டீக்கடைக்கு எதிரே, மச்சான் வீட்டு மாடியில்" என்று விட்டால் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். மகஜரில் (போலீஸ் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) உள்ள கையெழுத்து, போன் அழைப்புப் பட்டியலில் உள்ள நம்பர் இரண்டும் இப்படியே காட்டிக்கொடுக்கும். பிடிஎஃப்பில் வெறும் கறுப்புப் பட்டை போட்டால் எழுத்து அடியில் அப்படியே கிடக்கும், காப்பி செய்தால் வெளியே வரும். பிரின்ட் எடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்வதே உத்தமம். அளவுக்கு மீறி மறைத்தால் குறுக்கு விசாரணைக்கு எதுவும் மிஞ்சாது. மேல்முறையீட்டில் அடி வாங்கும்.

உளவுக் குறிப்புகளுக்குத் தனி மனு. நீதிபதிக்கு மட்டும் சீல் வைத்த கவரில் கொடுத்தால் போதாது என்பது, மீடியா ஒன் டிவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் தந்த தீர்ப்புக்குப் பிறகு தெளிவு.

தேவைப்படுவது இரண்டு. பெயர்களை நீக்கிய நல்ல மாதிரி நகல் ஒன்று. அடுத்து, 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி பாதுகாப்பு கேட்கும் மனு, குற்றம் நடந்த மாவட்டத்தின் குழுவிடம் போகும். சாட்சி திருநெல்வேலியில் இருந்தால், ஐந்து வேலை நாளில் வர வேண்டிய ஆபத்து ஆய்வறிக்கையை நடைமுறையில் எந்த ஊர் டிஎஸ்பியிடம் வாங்குகிறீர்கள்?

வழக்கு எண், சாட்சி விவரம் எதையும் இங்கே போடாதீர்கள்.