டிசி மட்டும் வாங்கிறாத

குரூப்: பாட்டி வீட்டுப் பிள்ளைக

ஞாயிறு, காலை 6:48

செல்வி அத்தை: (படம்: தாமரைப்பூ, இனிய காலை வணக்கம்)

காலை 9:41

மீனா: எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். அம்மாவுக்கும் தம்பிக்கும் தெரியும். கதிர ஜூன்லருந்து ஸ்கூலுக்கு அனுப்பல, வீட்டுல வச்சே சொல்லிக் குடுக்கலாம்னு நானும் அவரும் முடிவு பண்ணிருக்கோம். வெள்ளிக்கிழமை மிஸ் கூப்பிட்டாங்கன்னு போனேன், அவன் பெஞ்ச் கிளாசுக்கு வெளிய வராண்டால ஷூ ரேக் பக்கத்துல போட்டிருக்கு, எத்தன நாளா இப்டின்னு கேட்டா பொங்கல் லீவு முடிஞ்சதுலருந்துன்றாங்க, ஆட்டிசம் இருக்குற பிள்ளைன்னு தெரிஞ்சும், சத்தம் போடுறானாம் மத்த பிள்ளைகளுக்கு டிஸ்டர்பாம்

மீனா: பொங்கல்லருந்து. நான் தெனம் தயிர்சாதம் கட்டிக் குடுத்து டாட்டா காட்டி அனுப்பிட்டிருக்கேன்

கண்ணன்: அக்கா நான் உன் பக்கம். என்ன வேணும்னாலும் சொல்லு

செல்வி அத்தை: ஏத்தா மீனா பிள்ளைக்கு கண்ணு பட்ருச்சு. நாலு பிள்ளைகளோட இருந்தாத்தான பேச்சு வரும் வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா இருக்குற பேச்சும் போயிரும்ல

மீனா: வராண்டால எந்த நாலு பிள்ளைக அத்தை இருக்கு

அம்மா: (வாய்ஸ் நோட் 1:12)

கண்ணன்: அம்மா நோட்ல பாதி மிக்ஸி சத்தம்தான் வருது

காலை 10:05

பெரியப்பா: மீனா, படித்தேன். வராண்டாவில் உட்கார வைத்தது அக்கிரமம். 31 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் சொல்கிறேன். அது இருக்கட்டும். டிசி வாங்கிவிட்டாயா?

மீனா: இல்ல பெரியப்பா நாளைக்குப் போய் வாங்கலாம்னு இருக்கோம்

பெரியப்பா: வாங்காதே.

பெரியப்பா: டிசி வாங்கினால் அவன் எமிஸ் நம்பர், அதாவது கல்வித் துறை ஒவ்வொரு மாணவனுக்கும் கொடுத்திருக்கிற பதிவு எண், பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு எந்தப் பள்ளியும் எடுக்காவிட்டால் பையன் பள்ளி செல்லா குழந்தைகள் பட்டியலில் வருவான். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் வேலை. இன்னொன்று, எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அவர்களாகப் போகச் சொல்ல முடியாது. அதனால்தான் நீயாகப் போகிற மாதிரி பண்ணுகிறார்கள்.

கண்ணன்: பெரியப்பா அப்ப ஹோம்ஸ்கூலிங் பண்றது சட்டப்படி தப்பா?

பெரியப்பா: பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று சட்டம் சொல்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. சும்மா வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் 2012 திருத்தத்தில் கடுமையான ஊனம், பல்வகை ஊனம் உள்ள பிள்ளைகளுக்கு வீடு சார்ந்த கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். கதிருக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியிருக்கிறாயா, எத்தனை சதவீதம்?

மீனா: வாங்கிருக்கோம். 50ன்னு போட்ருக்கு

பெரியப்பா: 40 இருந்தாலே 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. பழைய சட்டத்தில் ஊனம் 7 வகைதான் இருந்தது, இதில் 21. ஆட்டிசம் இருக்கிறது, சுதா மகன் பரத்துக்கு இருக்கிற, எழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிற டிஸ்லெக்ஸியாவும் இருக்கிறது.

பெரியப்பா: ஆகவே முதலில் உன் வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பார். பிறகு வட்டார வள மையம். மதிப்பீட்டு முகாம் வைப்பார்கள், அதில் அவர்கள் பார்த்து வீடு சார்ந்த கல்வி என்று முடிவு செய்தால் பெயர் பள்ளியில் இருக்கும், சிறப்பாசிரியரும் பிசியோவும் வீட்டுக்கு வருவார்கள். அந்தப் பள்ளியில் இடம் உறுதி ஆன பிறகு டிசி. அதற்கு முன்னால் கூடாது. நான் இந்த ஹோம்ஸ்கூலுக்குச் சம்மதிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காலை 10:37

சுதாக்கா: அப்பா கிளாஸ் முடிஞ்சுதா நான் உள்ள வரலாமா 😄

சுதாக்கா: மீனா இவரு பேச்சைக் கேளு. நாலு வருஷம் முன்ன நான் பரத்துக்கு கோவத்துல முத நாளே டிசி வாங்கிட்டு வந்துட்டேன், அப்புறம் ஆறு மாசம் ஒவ்வொரு ஆபீசா நடந்தேன். அந்த ஆறு மாசமும் இவரு என்கூட பேசல அது வேற கதை

பெரியப்பா: பேசினேன். நீதான் போனை வைத்தாய்.

மீனா: சுதாக்கா எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. நேத்து ராத்திரி ஒயிட் போர்டு ஆர்டர் போட்டேன், டைம் டேபிள் எழுதிருக்கேன் 9லருந்து 12 வரைக்கும்

சுதாக்கா: கேன்சல் பண்ணு

சுதாக்கா: நான் பண்ணாத கூத்தா. போர்டு வாங்கி, ரெண்டு சின்ன டெஸ்க் வாங்கி, பூஜை மணிய எடுத்து பீரியடுக்கு பீரியட் அடிச்சேன்டி. நாலாவது நாள் பரத் பாத்ரூம்ல போய் தாழ்ப்பா போட்டுக்கிட்டான். எதுலருந்து காப்பாத்தி கூட்டிட்டு வந்தமோ அதையே வீட்டுல கட்டிட்டேன். அப்புறம் நிறுத்திட்டேன். ஸ்கூல்ல எத்தன வருஷம் இருந்தானோ அத்தன மாசம் சும்மா விடுன்னு ஹோம்ஸ்கூல் பண்றவங்க சொல்வாங்க, கணக்கு அப்டியே பாக்க வேணாம் ஆனா விடணும். அந்த நேரத்துல நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஒரு நோட்டு வச்சு அவன் என்ன பண்றான்னு எழுது. எப்ப சிரிக்கிறான், எந்த சத்தத்துக்கு காதைப் பொத்துறான், எதுல பத்து நிமிஷம் நிக்கிறான். அதுதான் உன் சிலபஸ்

செல்வி அத்தை: சும்மா விட்டா பிள்ளை டிவி பாத்தே கெட்டுப் போகும்

சுதாக்கா: பரத்தும் ரெண்டு வாரம் டிவிதான் அத்தை பாத்தான். அப்புறம் மிக்ஸியக் கழட்டினான். மாட்டத் தெரியல 😭 புதுசு வாங்கினோம்

மீனா: கதிர் தண்ணில நிப்பான். பக்கெட்டுலருந்து சொம்பு, சொம்புலருந்து டம்ளர், திருப்பி பக்கெட். அரை மணி நேரம் கூட நிப்பான்

சுதாக்கா: அதான் கணக்கு. எத்தன டம்ளர் ஒரு சொம்புன்னு நீ வாயால எண்ணு, அவன் ஊத்தட்டும். கேள்வி கேக்காத. நம்மளுக்கு ஒரு வியாதி இருக்கு பிள்ள ஜாலியா ஏதாச்சும் பண்ணா உடனே இது என்ன கலர் இது எத்தனன்னு கேட்டு அத கெடுத்துருவோம்

கண்ணன்: அக்கா யாழினி என்ன பண்ணப் போறா, அவ மட்டும் ஸ்கூலா

மீனா: அதான் பெரிய பிரச்சனை. கதிருக்கு லீவாம் எனக்கு மட்டும் ஸ்கூலான்னு நேத்து ஒரே அழுகை. இவ நல்லா படிக்கிறா, மிஸ் எல்லாம் நல்ல மாதிரி. எடுக்க மனசு வரல

சுதாக்கா: எடுக்க வேணாம். அவளுக்கு அங்க நல்லாருக்குன்னா இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பண்ணணும்னு எந்த சட்டமும் இல்ல. நான் இனியாவையும் எடுத்தேன், அது அவளா கேட்டு மூணு மாசம் நச்சரிச்சு. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து பண்ற வேலை ஒண்ணாச்சும் இருக்கணும். இவனுக்குன்னு தனி ரூம் தனி மேட்டு தனி புக்குன்னு ஒதுக்கிட்டா மறுபடி வராண்டா பெஞ்ச்தான், இந்த தடவ உன் வீட்டுக்குள்ள

மீனா: 🙏

மீனா: எப்டி ஒண்ணா பண்றது, அவ படிக்கிறா எழுதுறா, இவன் பேனாவே பிடிக்க மாட்டேன்றான்

சுதாக்கா: மாவாட்டுற வேலைய எடுத்துக்க. 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. கதிர் அளந்து கொட்டுவான், யாழினி எத்தன ஆச்சுன்னு எழுதுவா, நாளைக்கு ஆளு ஜாஸ்தி 8 போட்டா உளுந்து எவ்ளோன்னு அவகிட்ட கேளு. வேலை ஒண்ணு, பிடிக்கிற இடம் வேற வேற. எங்க வீட்டுல ஒரே கதைய பரத் போன்ல வாசிக்க விட்டு காதால கேப்பான், இனியா புக்க வச்சு படிப்பா, ராத்திரி ரெண்டு பேரும் அதைப் பத்தி சண்டை போடுவாங்க, பரத்துக்குத்தான் கதை நல்லா ஞாபகம் இருக்கும்

காலை 11:20

அம்மா: (வாய்ஸ் நோட் 0:48)

கண்ணன்: அம்மா சொல்றது: காலைல ரெண்டு மணி நேரம் பேரனை நான் பாத்துக்கிறேன், மீனா கடைக் கணக்கு வேலைய விட வேணாம், ஆனா மத்தியானம் சீரியல் நேரத்துல யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது

சுதாக்கா: சித்தி 👏👏 மீனா வேலைய விட்றாத. நாள் பூரா நீ ஒருத்தியே அம்மாவும் டீச்சரும் தெரபிஸ்டுமா இருந்தா மூணாவது மாசம் நீ படுத்துருவ. ஓடி (ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பீச் தெரபி ரெண்டும் நிறுத்தாத, ஸ்கூல விட்டாலும் அது வேற இது வேற

மீனா: ஓடில ஒரு ஊஞ்சல் வாங்கச் சொன்னாங்க, வெல கேட்டா மயக்கம் வருது

சுதாக்கா: அம்மாகிட்ட பழைய நூல் சேலை இருக்கும், தூளி கட்டு. கொக்கி மட்டும் நல்ல ஆள வச்சு கான்கிரீட்ல போடு, நீ ஏறி உக்காந்து ஆடிப் பாத்துட்டு அப்புறம் அவன உக்கார வை. எவ்ளோ நேரம் எந்தப் பக்கம் ஆட்டணும்னு ஓடி அக்காகிட்ட கேட்டுக்க

செல்வி அத்தை: தூளியா அதுல போட்டுத்தான நாங்க ஆறு பிள்ளைகள வளத்தோம் அதுக்கு காசா

மீனா: செல்வி அத்தை பேச்சைப் பத்தி கேட்டீங்கள்ல. படம் காட்டி கேக்க வச்சா வாய்ப் பேச்சு நின்னு போயிருமான்னு ஸ்பீச் மேடத்துகிட்ட நானும் கேட்டேன், அதெல்லாம் நிக்காது, கேட்டா கெடைக்குதுன்னு தெரிஞ்சாத்தான் பேசணும்னே தோணும்னாங்க

கண்ணன்: ஆவாஸ்னு ஒரு ஆப் இருக்குக்கா, சென்னைல உருவாக்கினது, படத்தை தொட்டா பேசும், தமிழும் உண்டு. டேப்ல போட்டுத் தரேன்

சுதாக்கா: அது வர்ற வரைக்கும் போன்லயே உங்க வீட்டு டம்ளர், உங்க வீட்டு பாத்ரூம், உங்க வீட்டு செருப்பு எல்லாம் போட்டோ எடுத்து ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் போட்டு ஃப்ரிட்ஜ்ல வரிசையா ஒட்டு. கார்ட்டூன் டம்ளர் படம் அவனுக்கு டம்ளர் இல்ல. அடுத்து என்னன்னு தெரிஞ்சா பாதி அழுகை நிக்கும். நாள்காட்டிய அவனையே கிழிக்கச் சொல்லு தெனம் ஒரு தாளு

மீனா: கிழிக்கச் சொன்னா மே மாசம் வரைக்கும் கிழிச்சிருவான் 😂

காலை 11:52

பெரியப்பா: எல்லாம் சரி. பரீட்சை? தண்ணீர் ஊற்றியதற்குச் சான்றிதழ் தருவார்களா?

சுதாக்கா: அப்பா உங்களுக்கே தெரியும். சரி மீனாவுக்காக சொல்றேன். என்ஐஓஎஸ்னு மத்திய அரசு ஓபன் ஸ்கூல், 1989லருந்து இருக்கு. 14 வயசு ஆனா பத்தாவதுக்குப் பதியலாம். 5 சப்ஜெக்ட் போதும், எல்லாத்தையும் ஒரே தடவை எழுத வேணாம், 5 வருஷத்துல 9 சான்ஸ் இருக்கு. ஏப்ரல் மேல ஒண்ணு, அக்டோபர் நவம்பர்ல ஒண்ணு. பரத் போன அக்டோபர்ல தமிழும் ஹோம் சயின்சும் முடிச்சுட்டான், இப்ப பெயிண்டிங் எழுதப் போறான். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இருந்தா எழுதுறதுக்கு ஆளும் கூடுதல் நேரமும் தராங்க. கதிருக்கு 9 வயசுதான் ஆகுது, இப்ப இத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்காத

பெரியப்பா: மாநில வழியும் உண்டு. பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இதை ஏன் யாரும் சொல்வதில்லை.

பெரியப்பா: கணக்குப் பாடத்தை எடுக்காமல் விடலாம் என்கிறார்கள் அந்த ஓபன் ஸ்கூலில். அது எனக்குப் பிடிக்கவில்லை. விட்டால் பின்னால் பல படிப்புக் கதவு சாத்திக்கொள்ளும்.

சுதாக்கா: அதான் பரத் விடலியே. தெனம் ராத்திரி 7 மணிக்கு ஒரு தாத்தா போன் பண்ணி கணக்கு சொல்லிக் குடுக்குறாரே, ஒரு நாள் தவறினதில்ல, மீனாகிட்ட சொல்லலியா நீங்க

கண்ணன்: பெரியப்பா???

பெரியப்பா: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

பெரியப்பா: அது டியூஷன். ஹோம்ஸ்கூல் அல்ல.

மீனா: 😂😂😂

மதியம் 12:30

மீனா: சுதாக்கா வெளிய கூட்டிட்டுப் போறது பத்தி சொல்லு, பிள்ளைக பழக்கம் இல்லாம போயிருமோன்னு எனக்கே பயமாத்தான் இருக்கு

சுதாக்கா: நாப்பது பிள்ளை தேவையில்ல, ரெண்டு போதும். மாடி வீட்டுப் பிள்ளைகளை சாயங்காலம் கூப்பிடு, வந்து தண்ணில விளையாடட்டும், கதிர் அங்க ராஜாவா இருப்பான் அது அவன் ஆட்டம். டவுன் பஸ் ஏறு, கூட்டம் இல்லாத பதினோரு மணி பஸ்ஸு, நாலு ஸ்டாப் போயிட்டு திரும்பி வா. காய்கறிக் கடைல அவன் கையால காசு குடுக்கட்டும். கடைக்காரர்ட்ட முன்னாடியே சொல்லி வை, பேச மாட்டான் ஆனா எல்லாம் புரியும்னு. அவன் முன்னாடி வச்சு பாவம்னு யாராச்சும் சொன்னா அங்கருந்து கெளம்பிரு

சுதாக்கா: மோசமான நாளும் வரும். எனக்கு இன்னிக்கும் வருது. அன்னிக்கு எல்லாரும் தோசை சாப்பிட்டு எட்டு மணிக்குத் தூங்கிருவோம்

மீனா: சரிக்கா. நாளைக்கு முதல்ல கவர்மெண்ட் ஸ்கூல் எச்எம்மைப் பாக்கறேன். போர்டு கேன்சல் பண்ணிட்டேன்

பெரியப்பா: தனியாகப் போகாதே. காலையில் விருதுநகரில் பஸ் ஏறி வருகிறேன். நான் பேசிக்கொள்கிறேன்.

பெரியப்பா: பாட்டி கடைத் தராசு பரண்மேல் இருக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன். தண்ணீர் மட்டும் அளந்தால் போதாது, கிராமும் தெரியட்டும்.

கண்ணன்: பெரியப்பா டிஜிட்டல் தராசு ஆன்லைன்ல கெடைக்கும் நானே போட்டு விடறேன்

பெரியப்பா: அதில் நம்பர் மாறும், அவ்வளவுதான். தட்டுத் தராசில் எது கூட, எது குறைவு என்று கண்ணுக்குத் தெரியும். எப்போது சமமாகிறது என்று பையன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆனால் படிக்கல் செட்டில் 50 கிராம் மட்டும் இல்லை, எங்கே போனது என்று தெரியவில்லை.

மதியம் 12:58

செல்வி அத்தை: அண்ணே

செல்வி அத்தை: அந்த அம்பது கிராம் கல்லு என்கிட்ட இருக்கு. நார்த்தங்கா ஊறுகா ஜாடி மூடி மேல வச்சிருக்கேன் பூனை தட்டி விட்ருதுன்னு

பெரியப்பா: 1998 முதல் தேடுகிறேன்.