சினைப் பூனை, மாதம் 1,000 ரூபாய்: எதில் செலவு செய்வது?

மாடிப்படி_தாம்பரம்:
எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருப்பூனை தங்கியிருக்கிறது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது, காம்புகள் ரோஸ் நிறத்தில் பெரிதாகிவிட்டன. தடவ விடும், தூக்க விடாது. எடை 3 கிலோ இருக்கலாம். இப்போதைக்குப் பால் சோறும் கருவாட்டுத் தலையும் போடுகிறோம். மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் முடியாது. வீட்டில் இருக்கும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையில் கால் பங்கும், கால்சியம் சிரப்பும் கொடுக்கலாமா? குட்டி போட இடம் எப்படி அமைப்பது? எந்த நிலையில் டாக்டரிடம் ஓட வேண்டும்?

கறிக்கடை_முனை:
அல்பெண்டசோலைக் கொடுக்காம முதல்ல அலமாரியில எடுத்து வைங்க. சினையில கொடுத்தா குட்டிகள் ஊனமாப் பிறக்கலாம், பூனையோட எலும்பு மஜ்ஜையையும் அது கெடுக்கும். புழுவுக்கு ஃபென்பெண்டசோலோ பைரண்டலோ தான், அளவு எடையைப் பொறுத்தது. கால்நடை மருந்தகத்துல சினைன்னு சொல்லிக் கேளுங்க.

பால் சோத்துல வயிறு நிறையும், சத்து ஏறாது. வளர்ந்த பூனைக்குப் பாலும் சரியாச் செரிக்காது, பேதிதான் மிச்சம். கருவாட்டுல உப்பு ஜாஸ்தி. ரெண்டையும் நிறுத்திடுங்க.

காசு இருக்கிற வரைக்கும் பெரிய பூனை உணவு வாங்காம குட்டிப் பூனைக்கான உலர் உணவு வாங்குங்க. அதுலதான் புரதமும் கால்சியமும் சினைக்குத் தேவையான அளவுல இருக்கு. தினம் 40 கிராம்னா 1.2 கிலோ பாக்கெட் ஒரு மாசம் வரும். மூட்டையைப் பிரிச்சு சில்லறையா விக்கிறதை வாங்காதீங்க, கொழுப்பு சிக்குப் பிடிச்சிருக்கும்.

மீதிக்கு தினம் 80–100 கிராம் வேகவச்ச கோழி இல்லேன்னா மத்தி. கறிக்கடையில இதயம் தனியாக் கேளுங்க, மலிவு, பூனைக்கு அவசியமான டாரின்ங்கிற சத்து நிறைய. ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை கட்டைவிரல் அளவு போதும். தினம் போட்டா வைட்டமின் ஏ கூடிப்போய்த் தொந்தரவு. வேகவச்ச தண்ணியைக் கொட்டாம சேர்த்தே ஊத்துங்க, டாரின் அதுலதான் இறங்கும். பச்சை மீன் வேண்டாம், பல மீன்கள்ல பி1 வைட்டமினை அழிக்கிற நொதி இருக்கு. மத்தியை குக்கர்ல வைங்க. முள்ளை விரலால நசுக்கினா மாவாகணும், இல்லேன்னா எடுத்துடுங்க. வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது, கூராப் பிளந்து குடலைக் கிழிக்கும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது.

ஒரே நேரத்துல கொட்டாதீங்க. கடைசி ரெண்டு வாரம் கர்ப்பப்பை இரைப்பையை நெருக்கும், நாலு தடவையாக் கொடுத்தாத்தான் உள்ளே போகும். குட்டி போட்டதும் இந்த அளவு இரட்டிப்பாகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

நாலாவது_அட்டைப்பெட்டி:
இடம் பற்றி: சுமார் 50 x 40 செ.மீ. அட்டைப்பெட்டி போதும், மளிகைக் கடையில் சும்மாவே கிடைக்கும். மேலே மூடியிருக்கட்டும். வாசலைத் தரையோடு வெட்டாமல் 12 செ.மீ. விளிம்பு விட்டு வெட்டுங்கள், குட்டிகள் உருண்டு வெளியே விழாது. அடியில் செய்தித்தாள் பத்து அடுக்கு, மேலே பழைய பருத்திப் புடவை. டர்க்கி துண்டும் சாக்கும் வேண்டாம், நூல் வளையத்தில் நகம் மாட்டும்.

நம் ஊரில் பச்சைக் குட்டிகளுக்குப் பெரிய எதிரி எறும்பு. பெட்டியை ஸ்டூல் மேல் கட்டி, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். பூனை ஏற பக்கத்தில் ஒரு செங்கல் படி, ஸ்டூலைத் தொடாமல். எறும்புச் சாக்குக்கட்டியால் கோடு போடவே போடாதீர்கள். அதில் இருக்கும் பைரித்ராய்டு பூனைக்கு விஷம். நாய்க்கான உண்ணிப் பவுடரும் அப்படியே. ஃபினாயிலும் அந்தப் பக்கம் வேண்டாம்.

சினைக்காலம் 63–65 நாள். நேரம் நெருங்கியதா என்று காய்ச்சல் மானி வைத்துப் பார்ப்பார்கள், தூக்க விடாத பூனையிடம் அது நடக்காது. சாப்பிடாமல், மூலை மூலையாகத் தேடி, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தால் நேரம் நெருங்கிவிட்டது. தள்ளி நின்று பாருங்கள்.

முக்கித் தள்ளியும் அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லை, பாதி வெளியே வந்து பத்து நிமிடமாக நிற்கிறது, குட்டியே வராமல் பச்சை நீர் ஒழுகுகிறது, ரத்தம் நிற்காமல் வருகிறது: இதில் எது நடந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். ஆனால் இரண்டு போட்டுவிட்டு நிதானமாகப் பால் கொடுத்து, சில மணி நேரம் கழித்து மூன்றாவதைப் போடுவது பூனைகளுக்குச் சகஜம், அதற்குப் பதறாதீர்கள். பனிக்குடத்தைத் தாய் கிழிக்காவிட்டால் நீங்கள் மூக்குப் பக்கம் கிழித்து, வாயைத் துடைத்து, துணியால் முதுகை அழுத்தித் தேயுங்கள்.

தனியாரிடம் சிசேரியன் என்றால் உங்கள் பட்ஜெட் தாங்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை இப்போதே விசாரித்து வையுங்கள். தூக்கிப்போக இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாயோடு வாய் வைத்து கேபிள் டை போட்டால் போதும், கூண்டு வாங்கத் தேவையில்லை.

சுண்ணாம்புச்சத்து:
கால்சியம் சிரப் பற்றி யாரும் சொல்லல. சினையில தராதீங்க. வெளியிலிருந்து தாராளமாக் கிடைச்சா, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிற வேலையை உடம்பு மந்தமாக்கிடும். பால் சுரக்க ஆரம்பிச்சதும் ரத்தத்துல கால்சியம் சட்டுன்னு இறங்கும். குட்டி போட்ட முதல் நாலு வாரத்துல நடுக்கம், விறைப்பு, தள்ளாட்டம் தெரிஞ்சா அதுதான். ஊசி மூலமாத்தான் சரி பண்ண முடியும். குட்டி உணவு தினமும் போனா தனியா எதுவும் வேண்டாம்.

வீட்டுல கர்ப்பிணி இருந்தா மணல் தட்டை வேற யாராவது தினமும் சுத்தம் பண்ணட்டும். பூனை மலத்துல வர்ற, வயித்துல இருக்கிற குழந்தையைப் பாதிக்கிற டாக்ஸோ கிருமி தொத்துற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க, ரேபிஸ் ஊசி இலவசம்.

மாடிப்படி_தாம்பரம்:
நன்றி. அல்பெண்டசோல், சிரப் இரண்டும் அலமாரிக்குப் போய்விட்டன. குட்டிகளைத் தொடலாமா? கருத்தடை எப்போது?

நாலாவது_அட்டைப்பெட்டி:
தாய் வெளியே போகும்போது தொடலாம். சமையல் தராசில் தினம் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். பிறக்கும்போது 100 கிராம் சுமார், தினம் 10–15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாத குட்டிக்குப் பால் போதவில்லை. அதற்குப் பசும்பால் கொடுக்காமல் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் வாங்குங்கள். மிச்சம் பிடிக்கும் காசு இதற்கும் அவசரத்துக்கும்தான்.

சினையிலேயே கருத்தடை செய்யும் டாக்டர்கள் உண்டு. கடைசிக் கட்டத்தில் ரத்தப்போக்கு ஆபத்து கூடுதல், பார்த்துத்தான் சொல்வார்கள். இல்லையென்றால் குட்டிகளுக்கு 8 வாரம் ஆனதும் பிரித்து, மடி வற்ற இரண்டு வாரம் விட்டுச் செய்யலாம். அதுவரை கடுவன் வராத அறையில் வையுங்கள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். பெண் குட்டிகளுக்கும் 4 மாதத்திலேயே பருவம் வந்துவிடலாம், அதையும் சேர்த்து விசாரியுங்கள்.