ஏ320 தரைக்கு அடியில் கேட்கும் அந்தச் சத்தம்: உங்கள் அனுபவம் என்ன?

ஜன்னலோரம்

ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இறக்கையை ஒட்டி உட்கார்ந்து போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விமானத்தை கேட்டிலிருந்து பின்னால் தள்ளிவிட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் காலுக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது மாதிரி ஒரு சத்தம். விட்டு விட்டு வரும், கொஞ்சம் நேரம் கழித்துத் தானே நின்றுவிடும். போன தடவை பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கீழே யாரோ எதையோ அறுக்கிறாங்க, போய்ச் சொல்லுங்க" என்றார். பணிப்பெண் வந்து "ஒண்ணும் இல்லைங்க ஐயா, நார்மல்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நார்மல் என்ற ஒரு சொல்லால் யாருக்காவது பயம் போயிருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். விமானத்துக்குள் இப்படி நீங்கள் கேட்டது, பார்த்தது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஹேங்கர்வாசி

அந்தக் குரைப்புக்குப் பெயர் பிடியு, பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட். ஏ320-இல் ஹைட்ராலிக் (எண்ணெயை அழுத்தி விமானத்தின் பாகங்களை அசைக்கிற ஏற்பாடு) மூன்று தனித்தனி சிஸ்டம்: பச்சை, நீலம், மஞ்சள். மூன்றிலும் அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு). பச்சைக்கு பம்ப் ஒன்றாம் எஞ்சினில், மஞ்சளுக்கு இரண்டாம் எஞ்சினில், நீலத்துக்கு மின்சார பம்ப். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் 500 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால் பிடியு தானாக எழுந்து, தெம்பாக இருக்கிற பக்கத்திலிருந்து தளர்ந்த பக்கத்துக்கு அழுத்தத்தைக் கொடுக்கும். அழுத்தம் மட்டும்தான் போகும், எண்ணெய் போகாது. ஒரு பக்கம் லீக் ஆனால் இன்னொரு பக்கத்து எண்ணெயும் சேர்ந்து காலியாகிவிடக் கூடாது இல்லையா, அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அழுத்தம் சமமானதும் நிற்கும், இறங்கினால் மறுபடி ஓடும். விட்டு விட்டுக் கேட்பது அதனால்தான். எரிபொருள் மிச்சம் பிடிக்க ஒரே எஞ்சினில் டேக்ஸி பண்ணும்போது (தரையில் ஓட்டிப் போகும்போது) இன்னும் நன்றாகக் கேட்கும். இரண்டாவது எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பிடியு தன்னைத் தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அது வாயைத் திறக்காமல் இருந்தால்தான் பழுது பார்க்கிற எங்களுக்கு வேலை வரும்.

கேட்டில் நிற்கும்போதே தரைக்கு அடியில் நீளமாக ஒரு ரீங்காரம் வந்தால் அது வேறு. சரக்குக் கதவைத் திறக்க, மூட மஞ்சள் சிஸ்டத்தின் மின்சார பம்ப் ஓடுகிற சத்தம் அது.

கேபின்_அக்கா

அந்தப் பணிப்பெண் பாவம், நார்மல் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓட வேண்டிய நேரம் அது. எங்களிடம் அதிகம் பேர் கேட்பது ஏசி ஏன் நின்றுபோச்சு என்பதுதான். எஞ்சினைச் சுற்றிவிட அழுத்தக் காற்று வேண்டும். வாலில் இருக்கும் ஏபியு என்கிற குட்டி டர்பைன் அதைக் கொடுக்கிறது. ஸ்டார்ட் ஆகும் வரை ஏசிக்குப் போகிற காற்றை நிறுத்தி அங்கே திருப்பிவிடுவார்கள். அதே சமயத்தில் விளக்கு ஒருமுறை மினுங்கினால், மின்சாரம் ஏபியு ஜெனரேட்டரிலிருந்து எஞ்சின் ஜெனரேட்டருக்கு மாறுகிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் தினசரி நடப்பது. தினசரி நடக்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆக்ஸிஜன் முகமூடிகள் இறங்கிய ஒரு விமானத்தில் நான் பணியில் இருந்தேன். கேபின் அழுத்தம் 14,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்கிவிட்டால் முகமூடிகள் தாமாகவே விழும். விழுந்தன. முதல் பிரச்சினை, யாரும் இழுக்கவில்லை. தொங்குகிற முகமூடிக்கு முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு எட்டி எட்டி மூச்சு விட்டார்கள். வெடுக்கென்று கீழே இழுத்தால்தான் மேலே இருக்கிற ஊசி (பின்) கழன்று ஆக்ஸிஜன் உண்டாகும். எல்லா விமானத்திலும் செய்து காட்டுகிறோம், ஆனால் அந்த நேரத்தில் எல்லார் கண்ணும் போனில்.

இரண்டாவது, எரிந்த நாற்றம். நெருப்பு என்று ஒருவர் கத்திவிட்டார். நெருப்பு இல்லை. தலைக்கு மேலே இருப்பது சிலிண்டர் அல்ல, சோடியம் குளோரேட் அடைத்த ஒரு டப்பா. வேதிவினையில் ஆக்ஸிஜன் வரும்போது அது பயங்கரமாகச் சூடாகும், மேலே படிந்திருக்கிற தூசி கருகும். மூன்றாவது, முகமூடியோடு இருக்கிற பை உப்பவில்லை என்று முகமூடியைக் கழற்றப் போனவர்கள். பை உப்பாவிட்டாலும் ஆக்ஸிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். அந்த டப்பா ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கும், ஆனால் அதற்கு மேல் தேவையும் இல்லை, சில நிமிடங்களில் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான். இறங்குகிற வேகத்தில் காது வலித்ததே தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜன்னலோரம்

டப்பாவா! நான் இத்தனை நாளும் எங்கோ பெரிய சிலிண்டர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹேங்கர்வாசி

சிலிண்டர் இருக்கிறது. ஆனால் அது விமானிகளுக்கு.

வாலில்_ஒருவன்

எனக்கு வயிற்றைக் கலக்குவது டேக்-ஆஃப் ஆகி ஒரு நிமிடத்துக்குள் வருகிற இடம். மேலே ஏறிக்கொண்டே இருக்கும்போது எஞ்சின் சத்தம் சட்டென்று குறையும், உடம்பு கீழே போகிற மாதிரி இருக்கும். ஒரு விமானியிடமே கேட்டுவிட்டேன். பெரும்பாலும் 1,500 அடி வாக்கில் டேக்-ஆஃப் திரஸ்டிலிருந்து (எஞ்சின் தள்ளுகிற விசை) கிளைம்ப் திரஸ்டுக்குக் குறைப்பார்களாம். மூக்கும் கொஞ்சம் தாழும், பின்னாலேயே இறக்கையின் ஃபிளாப்பையும் (நீட்டி மடக்குகிற பலகை) உள்ளே இழுப்பார்கள். விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறுகிற வேகம்தான் குறைகிறது. இது தெரிந்த பிறகும் என் வயிறு கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

நீலஜன்னல்

நான் நீண்ட தூரம் போயிங் 787-இல் போகிறவன். அதில் கேபின்_அக்கா சொன்ன மாதிரி ஏசி காற்றை எஞ்சினுக்குத் திருப்பிவிடுகிற வேலை கிடையாது, கேபினுக்காக எஞ்சினிலிருந்து காற்றைத் திருடுகிற வழக்கமும் அதில் இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் மின்சாரம், கேபினுக்குக் காற்றை அழுத்துவதும் மின்சார கம்ப்ரஸர். ஒவ்வொரு எஞ்சினிலும் 250 கேவிஏ (மின்திறன் அளவு) ஜெனரேட்டர் இரண்டு. உடம்பு கார்பன் ஃபைபர் என்பதால் கேபின் அழுத்தத்தை 6,000 அடிக்குச் சமமாக வைக்க முடிகிறது. மற்ற விமானங்களில் 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலை கனக்காமல் இருப்பதை நானே கவனித்திருக்கிறேன்.

குறை சொல்ல ஒன்று உண்டு. ஜன்னலுக்குத் திரை இல்லை, பொத்தானை அழுத்தினால் கண்ணாடி நீலமாக இருளும். அதைப் பணிக்குழு மொத்தமாகப் பூட்டிவிட முடியும். ஒரு நிறுவனத்தில் பட்டப்பகலில் பூட்டிவிட்டார்கள். கீழே பனிமலை, எனக்கு நீல இருட்டு. ஜன்னல் சீட்டுக்குத் தனியாகப் பணம் வாங்கிவிட்டு இது என்ன நியாயம்?

வாலில்_ஒருவன்

ஹேங்கர்வாசி அண்ணே, ஒரு சந்தேகம். இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டால் உங்கள் மூன்று கலர் ஹைட்ராலிக்கும் போச்சா?

ஹேங்கர்வாசி

போகாது. வயிற்றுப் பக்கம் இடதுபுறம் மடங்கிக் கிடக்கிற ஒரு சின்னக் காற்றாடி வெளியே விழும். ராம் ஏர் டர்பைன், நாங்கள் ராட் என்போம். வெளியே அடிக்கிற காற்றிலேயே சுழன்று நீல சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுக்கும், அந்த அழுத்தத்தில் ஓர் அவசர ஜெனரேட்டர் ஓடும். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் ஏ330 ஒன்று அட்லாண்டிக் மேலே எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சினும் நின்று, ஏசோர்ஸ் தீவில் காற்றில் மிதந்தே இறங்கியதே, அப்போதும் ராட்தான் கைகொடுத்தது. 2009-இல் ஹட்சன் ஆற்றில் ஏ320-ஐ இறக்கிய விமானி சல்லன்பெர்கர் செக்லிஸ்டுக்குக் காத்திருக்காமல் ஏபியுவை ஆன் செய்தார். மின்சாரம் அறுந்துபோகாமல் இருந்ததற்கு அது பெரிய காரணம்.

ராட் இறங்கினால் பயணிக்குக் கேட்கும், ப்ரொப்பல்லர் விமானத்தில் ஏறிவிட்டோமோ என்கிற அளவுக்கு. பறக்கும்போது அதைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. தரையிறங்கிய பிறகு பிளேடைச் சரியான நிலைக்குத் திருப்பிப் பூட்டிவிட்டு நாங்கள்தான் மடக்கணும்.