சம்பள மென்பொருளில் விடுப்பு வகை அமைத்தபோது நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருப்பூர், சம்பளப் பிரிவு

பனியன் கம்பெனி ஒன்றில் சம்பளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 400 பேர் வேலை செய்யும் இடம். 2021 முடியும்வரை விடுப்புக் கணக்கைப் பெரிய பதிவேட்டில் கையால்தான் எழுதி வந்தோம். 2022 ஜனவரியில் மென்பொருளுக்கு மாறினோம். விடுப்பு வகைகளை ஒரே பிற்பகலில் நானே அமைத்தேன். ஈட்டிய விடுப்பு (வேலை செய்த நாட்களுக்கேற்பச் சேரும் சம்பள விடுப்பு), தற்செயல் விடுப்பு, பண்டிகை விடுமுறை, சம்பளமில்லா விடுப்பு ஆகிய நான்கு வகைகள் போதும் என்று நினைத்தேன்.

ஒன்றரை ஆண்டு எந்தப் புகாரும் வரவில்லை. 2023 மே மாதம் பவர் டேபிள் டெய்லர் ஒருவர் மதிய இடைவேளையில் என் மேசைக்கு வந்தார். குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்து, மூன்று நாள் போய்வந்திருக்கிறார். அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் பிடித்திருந்தது. "சார், போன ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மறுவாரம்வரை வேலைக்கு வந்தேன். பிரசவத்துக்குப் போனதைத் தவிர நீண்ட விடுப்பே எடுக்கவில்லை. என் கணக்கில் ஒரு நாள்கூட இல்லை என்று சூப்பர்வைசர் சொல்கிறார். எப்படி இல்லாமல் போகும்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

திரையில் பார்த்தேன். 2022இல் அவர் வேலை செய்த நாட்கள் 214. தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 79இன்படி அப்போது ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குத்தான் அடுத்த ஆண்டு ஈட்டிய விடுப்பு உண்டு. 214 என்பது 240க்குக் குறைவு. எனவே மென்பொருள் பூஜ்யம் காட்டியது. முதலில் அது சரி என்றுதான் எனக்கும் தோன்றியது.

அன்று மாலை சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவை முழுவதும் படித்தேன். மகப்பேறு விடுப்பில் இருந்த நாட்களையும், 12 வாரத்துக்கு மிகாமல், வேலை செய்த நாட்களாகவே கொண்டு 240ஐக் கணக்கிட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த நாட்களுக்குப் புதிதாக விடுப்பு சேராது, தகுதிக் கணக்கில் மட்டும் சேரும். அவர் அக்டோபர் 10ஆம் தேதி பிரசவ விடுப்பில் போனவர். டிசம்பர் 31 வரை 83 நாள். 214உடன் 83 சேர்த்தால் 297. தகுதி தாராளமாக இருக்கிறது. வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் விடுப்பு என்பது கணக்கு. 214ஐ 20ஆல் வகுத்தால் 10.7, அரை நாளும் அதற்கு மேலும் வந்தால் முழு நாளாகக் கொள்ள வேண்டும் என்பதால் 11 நாள். பதினொரு நாள் சம்பள விடுப்பு இருக்க வேண்டிய பெண்ணுக்கு நாங்கள் மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்திருந்தோம்.

எங்கே தவறு நடந்தது? அவருக்கு மகப்பேறு காலப் பணம் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யிலிருந்து போகிறது, கம்பெனி சம்பளம் கொடுப்பதில்லை. கம்பெனி கொடுக்காத நாட்கள் என்றால் சம்பளமில்லா விடுப்பு என்று நான் அந்த வகையில் போட்டுவிட்டேன். அந்த மாதச் சம்பளச் சீட்டில் இரண்டு வகையிலும் பூஜ்யம்தான் வரும். அதனால் சீட்டைப் பார்த்தவர், தணிக்கை செய்தவர், கையெழுத்திட்டவர் எவருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் விடுப்பு ஏறும்போதுதான் வெளிப்பட்டது. அந்த ஜனவரியில் அவர் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தார், கேட்க ஆளில்லை.

மறுநாளே மகப்பேறு விடுப்பு (ஈ.எஸ்.ஐ.) என்று தனி வகை உருவாக்கினேன். சம்பளம் இல்லை, தகுதி நாட்களில் சேரும், விடுப்பு ஈட்டாது. பிறகு பழைய பட்டியலை எடுத்துப் பிரசவ விடுப்பில் போன எல்லோரையும் பார்த்தேன். இன்னும் ஆறு பெண்களுக்கு இதே தவறு நடந்திருந்தது. அதில் ஒருவர் செக்கிங் பிரிவு. அவர் ஜூலையில் விடுப்பில் போனவர், வேலை செய்தது 150 நாள். மகப்பேறு விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்துவிட்டது, ஆனால் பிரிவு 79இல் 12 வாரம் என்பது அப்படியே நின்றது. ஆகவே 150உடன் 84 மட்டும் சேர்ந்து 234. ஆறு நாள் குறைந்தது. சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். முதலாளியிடம் கணக்கை வைத்து, "இந்த ஆறு நாளுக்காக அவருக்கு மறுக்க வேண்டுமா?" என்று கேட்டேன். கொடுத்துவிடுங்கள் என்றார். இதை இங்கே எழுதக் காரணம், சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் கொடுப்பதை எந்த மென்பொருளும் தடுப்பதில்லை.

நீங்களும் எழுதுங்கள். வகைகளின் பெயரை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு வகைக்குள்ளும் என்ன நிரப்பினீர்கள், எங்கே இடறினீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.


சென்னை, ஜவுளிக் கடைக் கணக்கர்

அண்ணா, உங்களுடையது தொழிற்சாலை. எங்களுடையது கடை. எங்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947. பிரிவு 25இல் மூன்று பன்னிரண்டுகள் இருக்கின்றன. சம்பளத்துடன் விடுமுறை 12 நாள், நோய்க்கு 12 நாள், தற்செயலாக 12 நாள். மூன்றும் ஒரே எண் என்பதால் ஒன்றை அமைத்து, அதையே நகலெடுத்து மற்ற இரண்டுக்கும் பெயரை மட்டும் மாற்றினேன்.

முதல் பன்னிரண்டு, பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்த பிறகுதான் கிடைக்கும். மற்ற இரண்டும் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உண்டு. நகலெடுத்ததால் மூன்றுக்குமே "12 மாதத்துக்குப் பிறகு" என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம் டெங்குவில் படுத்த பையன் ஒருவனுக்கு ஒன்பது நாள் சம்பளம் போயிற்று. ஊரிலிருந்து வந்து ஆறு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவன். அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தவறைக் கண்டுபிடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் பணம் தேவைப்பட்டது காய்ச்சல் மாதத்தில்.

இன்னொன்று. டேலி மென்பொருளில் வருகை வகை உருவாக்கும்போது சம்பளத்துடன் விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா என்பதைத்தான் முதலில் தேர்வு செய்கிறோம். சம்பளம் போடுபவருக்கு அது போதும். நீங்கள் சொன்ன 240 நாள் கணக்கு, எப்போதிலிருந்து தகுதி, எவ்வளவு சேர்த்துவைக்கலாம் என்பவற்றை நான் தனித் தாளில் எழுதி வைத்துச் சரிபார்க்கிறேன். கடைச் சட்டத்தில் சேர்த்துவைக்கும் உச்சவரம்பு 24 நாள், தொழிற்சாலையில் 30. எங்கள் குழுமத்தில் தையல் ஆலையும் இருப்பதால் இரண்டையும் ஒரே வகையில் போடக் கூடாது என்று இப்போது கண்டிப்பாக இருக்கிறேன்.


அம்பத்தூர், ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் ஊழியர்

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் டைம் ஆபீஸில் இருந்தவன் நான். விடுப்பு அட்டை ஒவ்வொன்றையும் கையால் எழுதிய காலம். தொழிற்சாலைக்கு 30 நாள் உச்சவரம்பு என்று சென்னைக் கணக்கர் சொன்னதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை மென்பொருள் அமைக்கிறவர்கள் அனேகமாக விட்டுவிடுகிறார்கள்.

தொழிலாளி முறைப்படி 15 நாள் முன்னதாக விண்ணப்பம் கொடுத்து, நிர்வாகம் வேலை நெருக்கடி என்று மறுத்துவிட்டால், அந்த நாட்களை எந்த வரம்பும் இல்லாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அவருக்கு உரிமை உண்டு. நாங்கள் அட்டையில் சிவப்பு மையால் "ம" என்று போட்டு வட்டமிடுவோம். மறுக்கப்பட்டது என்று பொருள். டிசம்பர் கடைசியில் கணக்கை முடிக்கும்போது சிவப்பு வட்டங்களைத் தனியாக எண்ணிக் கூட்டிக்கொள்வோம்.

கணினி வந்தபோது அட்டையில் இருந்த மீதி நாட்களை மட்டும் ஏற்றினார்கள். சிவப்பு வட்டம் ஏறவில்லை. அந்த டிசம்பர் 31 நள்ளிரவில் 30க்கு மேல் இருந்ததெல்லாம் காலாவதியாகிவிட்டது. ஒரு லேத் ஆபரேட்டருக்குப் 12 நாள் போயிற்று. மகள் திருமணத்துக்கென்று கேட்டு, சரக்கு அனுப்ப வேண்டும் என்று மறுக்கப்பட்ட நாட்கள் அவை. பழைய அட்டைகளை மூட்டையிலிருந்து தேடியெடுத்துக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். பழைய அட்டைகளை உடனே பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள் என்று எல்லா இளைஞர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் "மறுக்கப்பட்ட ஈட்டிய விடுப்பு" என்று தனி வகை வைத்தோம். உச்சவரம்பும் காலாவதித் தேதியும் இல்லாத வகை.


ஓசூர், மனிதவளப் பிரிவு

சுருக்கமாக ஒன்று. ஈடுசெய் விடுப்பு என்று ஒரே வகை வைத்திருந்தோம், வேலை செய்த நாளிலிருந்து 30 நாளில் காலாவதி. வார விடுமுறையில் வேலைக்கு அழைத்தாலும் அதுதான், மே தினத்தன்று அழைத்தாலும் அதுதான்.

இரண்டும் வேறு. வார ஓய்வு இழந்தவருக்கு அந்த மாதத்துக்குள்ளோ, அதையடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ மாற்று ஓய்வு கொடுக்க வேண்டும். நம் 30 நாள் கணக்கு அதையே மீறியது. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்குத் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக ஒன்பது. அன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்துடன் வேறொரு நாள் சம்பள விடுமுறை. இப்போது இரண்டு வகைகளாகப் பிரித்துவிட்டோம்.


கோவை, மென்பொருள் அமைத்துக் கொடுப்பவர்

பல ஆலைகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்கிறேன். நான் அதிகம் பயன்படுத்துவது ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மென்பொருள். அதில் விடுப்பு வகைப் பக்கத்தில் வரிசையாகத் தேர்வுப் பெட்டிகள் இருக்கும். அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா, சம்பளமில்லா விடுப்பா, ஈட்டிய விடுப்பா, பணமாக்கலாமா, இடையில் வரும் விடுமுறைகளையும் விடுப்பாகக் கணக்கிடலாமா என்று. கடைசிப் பெட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வெள்ளியும் திங்களும் விடுப்பு எடுத்தால் இடையில் உள்ள ஞாயிறையும் விடுப்பில் கழிக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "எல்லா வகைக்கும் அந்தப் பெட்டியில் குறியிடுங்கள்" என்று என்னிடம் சொல்வார்கள். தொழிற்சாலையில் ஈட்டிய விடுப்புக்கு அது கூடாது. விடுப்பின் நடுவிலோ, முன்னும் பின்னுமோ வரும் விடுமுறைகளை விடுப்பில் சேர்க்கக் கூடாது என்று அதே பிரிவு 79 சொன்னது. நான் மறுத்ததற்காக ஒரு வேலை என் கையைவிட்டுப் போனது. வருத்தமில்லை.

அதே பெட்டி மகப்பேறு விடுப்பில் தலைகீழாக வேலை செய்கிறது. அங்கே குறியிட்டே ஆக வேண்டும். காரணம், சட்டம் நாள் என்று சொல்லவில்லை, வாரம் என்று சொல்கிறது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள். இது சும்மா கிடைத்த தெளிவு இல்லை. எங்கள் கோவை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு மகப்பேறு பணம் கொடுத்தார்கள். அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1977இல் ஞாயிறுகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 26 வாரம் என்றால் 182 நாள். அந்தப் பெட்டியில் குறியிடும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

எண்களை நிரலுக்குள் நிலையாக எழுதிவைத்திருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டியது: 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் 240 என்பது 180 ஆகிவிட்டது. 20 நாளுக்கு ஒரு நாள், 30 நாள் வரம்பு, மறுக்கப்பட்ட விடுப்புக்கு வரம்பின்மை இவையெல்லாம் தொடர்கின்றன. மகப்பேறு விடுப்புக் காலம் 180இல் சேரும், அதற்கு விடுப்பு ஈட்ட முடியாது என்பதும் அப்படியே. ஆண்டு முடிவில் விடுப்பைப் பணமாகக் கேட்கும் உரிமை அதில் வந்திருக்கிறது. ஆகவே பணமாக்கும் பெட்டியையும் திறந்து பாருங்கள்.


திருப்பூர், சம்பளப் பிரிவு

ஐயா, சிவப்பு வட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எங்கள் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்களிடம் வட்டம் இல்லை, ஆனால் விண்ணப்பத் தாள்களில் "பிறகு பார்க்கலாம்" என்று சூப்பர்வைசர் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை மறுப்பாகவே கொண்டு ஒவ்வொன்றாகப் பதிவேற்றத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 37 தாள்கள்.

சம்பளமில்லா விடுப்பு என்று போட்டால் வருங்கால வைப்புநிதி மாதாந்தர அறிக்கையில் என்.சி.பி. நாட்கள், அதாவது பங்களிப்பில்லா நாட்கள் என்ற கட்டத்திலும் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. காதுகுத்துக்குப் போன அந்த மூன்று நாளை ஈட்டிய விடுப்பாக மாற்றியபோது இதையும் திருத்த வேண்டியிருந்தது. விடுப்பு வகையை மாற்றுகிறவர்கள் அந்தக் கட்டத்தை மறக்க வேண்டாம்.

அவருடைய ஜூன் மாதச் சம்பளச் சீட்டில் "முந்தைய மாத விடுப்புச் சம்பளம், 3 நாள்" என்று தனி வரியாகக் காட்டினோம். சீட்டை வாங்கிக்கொண்டு போனவர் பாதியில் திரும்பி வந்து, மீதி எத்தனை நாள் என்று கேட்டார். எட்டு என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ஆடி நோன்பிக்கு இரண்டு நாள் இப்போதே எழுதித் தரலாமா என்று கேட்டார். படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.