பழைய ப்ளோஃபிஷ் நிரலை இவிபி இடைமுகத்துக்கு மாற்றியபின் பழைய கோப்புகள் குப்பையாக வருகின்றன: உதவி தேவை

தறிநூல்:

வணக்கம். ஊதியக் கணக்கு மென்பொருள் ஒன்றுக்காக 2004-ஆம் ஆண்டில் சி மொழியில் எழுதப்பட்ட குறியாக்க நூலகம் ஒன்று அண்மையில் என் பொறுப்புக்கு வந்தது. ஏறக்குறைய நாலாயிரம் வரிகள். எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆவணம் என்று ஒரு தாள்கூட இல்லை. இதுவரை அது சென்ட்ஓஎஸ் 7 கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 1.0.2 பதிப்புடன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால், ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2 உள்ள உபுண்டு 22.04-க்கு மாற்றுகிறோம்.

புதிய கணினியில் கம்பைல் செய்தபோது ப்ளோஃபிஷ் என்ற குறியாக்க முறைக்கான கீழ்நிலை செயல்கூறுகள் அனைத்துக்கும் 'இவை கைவிடப்படவிருப்பவை' என்ற எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கருதும் அமைப்பில் கட்டுவது எங்கள் வழக்கம் என்பதால், இதையே வாய்ப்பாகக் கொண்டு எல்லாவற்றையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் உயர்நிலைப் பொது இடைமுகமான இவிபிக்கு மாற்றினேன். கூடவே மாறிகளின் பெயர்களைச் சீராக்கினேன். பயனற்றவையாகத் தோன்றிய வரிகளை நீக்கினேன். கடவுச்சாவியை அழிக்கும் இடங்களில் இருந்த மெம்செட் அழைப்புகளை, கம்பைலர் தூக்கி எறிந்துவிடாதபடி, ஓப்பன்எஸ்எஸ்எல் தரும் கிளென்ஸ் அழைப்புகளாக மாற்றினேன்.

முதலில் 0308010சி என்ற எண்ணுடன் 'ஆதரிக்கப்படவில்லை' என்ற பிழை வந்தது. பழைய முறைகளைத் தரும் லெகசி புரொவைடர் என்ற தொகுப்பை ஏற்றியதும் அது நின்றது. ஆனால் அதுவரை ஒழுங்காக வேலை செய்த எஸ்எச்ஏ-256 என்ற சுருக்க முறை உடனே நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், பழைய கோப்புகள் எல்லாம் முதல் எழுத்திலிருந்தே குப்பையாக வருவது. வேடிக்கை என்னவென்றால், புதிய நிரலால் எழுதி அதே நிரலால் படிக்கும் என் சோதனைகள் அத்தனையும் தேறுகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

வடமலை:

எஸ்எச்ஏ-256 நின்றதற்கான காரணம் எளியது. எந்தப் புரொவைடரையும் நீங்கள் வெளிப்படையாக ஏற்றாதவரை, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 இயல்புப் புரொவைடரைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். லெகசியை நீங்கள் ஏற்றிய கணமே அந்தத் தானியங்கி ஏற்பாடு விலகிக்கொள்கிறது. ஆகவே டிஃபால்ட், லெகசி இரண்டையும் பெயர் சொல்லி ஏற்றுங்கள். அந்த 0308010சி எண்ணைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச்சூழலின் 17-ஆம் பதிப்பு வெளிவந்தபோது, பழைய வெப்பேக் கருவி எம்டி4 என்ற பழைய சுருக்க முறையைக் கேட்டதால், இணைய நிரலர்கள் பலரும் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

உங்கள் சோதனைகள் தேறுவது எதையும் நிரூபிக்கவில்லை. எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் ஒரே தவறைச் செய்தால் இரண்டும் ஒத்துப்போகத்தான் செய்யும். பழைய நிரலில் சாவியை அமைக்கும் வரியையும், ஒரு பதிவைப் படிக்கும் வரியையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். சாவியின் மதிப்பைத் தயவுசெய்து இங்கே போட்டுவிடாதீர்கள். அதன் நீளம் மட்டும் போதும்.

தறிநூல்:

நன்றி ஐயா. இரண்டு புரொவைடர்களையும் ஏற்றியதும் எஸ்எச்ஏ-256 திரும்பிவிட்டது. சாவியின் நீளம் 24 பைட்டுகள். பிஎஃப்_செட்_கீ அழைப்பிலும் 24 என்றே இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் நான்கு பைட்டுகளில் அதன் உண்மையான நீளம் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு பிஎஃப்_சிபிசி_என்கிரிப்ட், அந்த நீளத்தோடும், குறியாக்கத்தின் தொடக்க மதிப்பை வைத்திருக்கும் ஐவெக் என்ற எட்டு பைட் வரிசையோடும் அழைக்கப்படுகிறது. ஐவெக் ஸ்டாட்டிக் ஆக, அதாவது அழைப்புகளுக்கிடையே மதிப்பு அழியாதபடி, அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் தொடக்க மதிப்பு எட்டும் சுழியம். பதிவின் முதல் புலம் எட்டு இலக்க ஊழியர் எண்.

வடமலை:

இரண்டு தவறுகள் இப்போதே தெரிகின்றன.

முதலாவது சாவி. ப்ளோஃபிஷ் பல நீளங்களில் சாவியை ஏற்கும் முறை. பழைய செயல்கூறு நீங்கள் சொன்ன நீளத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. இவிபி இடைமுகமோ நீங்கள் வேறுவிதமாகச் சொல்லாதவரை 16 பைட்டுகள் என்றே வைத்துக்கொள்ளும். 24 பைட் சாவியைக் கொடுத்தால் முதல் 16-ஐ எடுத்துக்கொண்டு, மீதியை எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் விட்டுவிடும். ஆகவே தொடக்க அழைப்பை இரண்டாகப் பிரியுங்கள்: முதல் அழைப்பில் சைஃபரை மட்டும் கொடுங்கள், பிறகு சாவியின் நீளத்தை 24 என்று அமையுங்கள், அதன் பிறகே இரண்டாம் அழைப்பில் சாவியையும் தொடக்க மதிப்பையும் கொடுங்கள். இந்த வரிசை மாறினால் பயனில்லை.

இரண்டாவது பேடிங், அதாவது கடைசித் தொகுதியை நிரப்பும் முறை. பழைய செயல்கூறு, தரவு எட்டின் மடங்காக இல்லாவிட்டால் கடைசித் தொகுதியைச் சுழியங்களால் நிரப்பிவிடும். மடங்காக இருந்தால் எதையும் சேர்க்காது. இவிபியோ நீங்கள் நிறுத்தாதவரை எப்போதும் பிகேசிஎஸ் என்ற தர முறைப்படி நிரப்பும். படிக்கும்போதும் அதையே எதிர்பார்க்கும். பழைய கோப்புகளுக்கு பேடிங்கை நிறுத்திவிட்டு, குறிவிலக்கியபின் தலைப்பில் உள்ள நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முடிவிலுள்ள சுழியங்களைத் தேடி வெட்டும் வழியில் போகாதீர்கள். தரவே சுழியத்தில் முடிந்தால் அதையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

கரையோரம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபட்டு ப்ளோஃபிஷை ஏன் காப்பாற்ற வேண்டும்? அது 1993-இல் வந்தது. தொகுதி அளவு 64 பிட் மட்டுமே. அத்தகைய முறைகளில் ஒரே சாவியால் 32 ஜிபி அளவுக்குக் குறியாக்கினால் தொகுதிகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும் என்பதை 2016-இல் பார்கவனும் லெரானும் ஸ்வீட்32 தாக்குதல் மூலம் செய்தே காட்டினார்கள். ஏஇஎஸ்-256-ஜிசிஎம் முறைக்கு மாறிவிட்டால் யாராவது தரவைத் தொட்டிருந்தாலும் தெரிந்துவிடும். இப்போதைய அமைப்பில் அதற்கு வழியே இல்லை.

வடமலை:

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அது அடுத்த படி. இருபது ஆண்டுப் பதிவுகளைப் படிக்கத் தெரியாத நிரல் அவற்றை எப்படி ஏஇஎஸ்-க்கு மாற்றும்? முதலில் பழையதைப் பிழையின்றிப் படிக்க வேண்டும். பிறகு கோப்பின் தலைப்பில் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து, பழைய பதிப்பைப் படிக்க மட்டும் செய்து, எழுதுவதை எல்லாம் புதிய முறையில் எழுதலாம். ஊதியக் கோப்பு 32 ஜிபி ஆகப்போவதில்லை. ஸ்வீட்32-ஐவிட எனக்குக் கவலை தருவது, சாவி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்குமோ என்பதுதான்.

தறிநூல்:

எழுதப்பட்டுத்தான் இருக்கிறது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு திருத்தங்களையும் செய்தேன். முதல் பதிவு முழுமையாக வந்துவிட்டது. திரையில் ஊழியர் எண்ணைக் கண்டபோது உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் இரண்டாம் பதிவிலிருந்து ஒரு விந்தை. ஊழியர் எண் இருக்க வேண்டிய முதல் எட்டு பைட்டுகள் மட்டும் குப்பை. ஒன்பதாம் பைட்டிலிருந்து பெயர், துறை, அடிப்படை ஊதியம் எல்லாம் எழுத்துப் பிசகாமல் வருகின்றன. நடுவே 212, 388, 571 எனச் சில பதிவுகள் மட்டும் ஊழியர் எண்ணோடு முழுமையாக வருவதும் புரியவில்லை. கோப்பே பழுதாகிவிட்டதா?

எட்டாம்பிட்:

கோப்பு பழுதாகவில்லை. சிபிசி முறையில் ஒவ்வொரு தொகுதியும் குறிவிலக்கப்பட்டபின் அதற்கு முந்தைய குறியாக்கத் தொகுதியோடு எக்ஸ்-ஆர் (இருமுறை செய்தால் பழையபடி திரும்பும் பிட் கலப்பு) செய்யப்படுகிறது. முதல் தொகுதிக்கு முந்தையது இல்லாததால் ஐவெக் அந்த இடத்தில் நிற்கிறது. சாவி தவறென்றால் எல்லாமே குப்பையாகும். முதல் எட்டு பைட்டுகள் மட்டும் கெட்டு மீதி நன்றாக இருந்தால் சாவி சரி, ஐவெக் தவறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பழைய செயல்கூறு நீங்கள் கொடுக்கும் ஐவெக் வரிசையையே திருத்தி எழுதும். ஒரு பதிவு முடிந்ததும் அதில் அந்தப் பதிவின் கடைசிக் குறியாக்கத் தொகுதி உட்கார்ந்திருக்கும்; வரிசை ஸ்டாட்டிக் என்பதால் அடுத்த பதிவு அதிலிருந்தே தொடங்கும். பழைய நிரலர் இதை அறிந்து செய்தாரா, அறியாமல் நேர்ந்ததா என்பது வேறு கதை. இவிபி உங்கள் வரிசையைப் படித்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. உங்கள் வரிசையைத் தொடுவதே இல்லை. அதனால் உங்கள் புதிய நிரலில் ஒவ்வொரு பதிவும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது.

ஒவ்வொரு பதிவையும் படித்ததும் அதன் கடைசி எட்டுக் குறியாக்க பைட்டுகளை ஐவெக்கில் வையுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளீடும் வெளியீடும் ஒரே இடையகம் என்றால், குறிவிலக்கியபின் அந்த பைட்டுகள் அழிந்திருக்கும், முன்னதாகவே நகல் எடுத்துவிட வேண்டும்.

தறிநூல்:

ஒரே இடையகம்தான், நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால் இன்னொரு நாள் வீணாகியிருக்கும். இப்போது ஏறக்குறைய எல்லாப் பதிவுகளும் சரியாக வருகின்றன. ஆனால் முன்பு தாமாகவே சரியாக வந்த 212, 388, 571 ஆகியவை இப்போது கெட்டுவிட்டன! கெட்டவை முழுப் பட்டியலும், முன்பு நன்றாக வந்தவற்றின் பட்டியலும், முதல் பதிவைத் தவிர்த்தால், ஒன்றாகவே இருக்கின்றன.

வடமலை:

நீங்கள் முந்தைய இடுகையில் போகிறபோக்கில் சொன்னதை நாங்கள் இருவருமே கவனிக்காமல் விட்டுவிட்டோம். அந்தப் பதிவுகள் சுழிய ஐவெக்கில் தொடங்குகின்றன என்றால், அந்தந்த இடத்தில் நிரல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் பதிவுகளை எழுதி மூடிவிட்டு, மற்றொரு நாள் அதே கோப்பைத் திறந்து இறுதியில் சேர்த்திருப்பார்கள். பழைய நிரலில் கோப்பைத் திறக்கும் செயல்கூற்றில் ஐவெக்கைச் சுழியமாக்கும் வரி ஏதேனும் இருந்ததா?

தறிநூல்:

இருந்தது. ஸ்டாட்டிக் வரிசை எப்படியும் சுழியமாகத்தானே தொடங்கும், இது வீண் என்று எண்ணி நான் நீக்கிய வரிகளில் அதுவும் ஒன்று. பழைய பதிப்பை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

வடமலை:

குறியாக்க நிரலில் பயனற்றதாகத் தோன்றும் வரியை நீக்குவதற்கு முன் டெபியன் லினக்ஸில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 2006-இல் வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்குவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் கைவைத்தார்கள். அதன் விளைவாக, சாவிகளுக்கான தற்செயல்தன்மை முழுவதும் செயல்முறை எண்ணை மட்டுமே நம்பி நின்றது. கணினி வகை ஒன்றுக்கு 32,768 வாய்ப்புகளுக்கு மேல் இல்லை. அது வெளியானது 2008 மே மாதத்தில். இடைப்பட்ட காலமெல்லாம் எந்தச் சோதனையும் தோற்கவில்லை. உங்களுக்கு எட்டு பைட்டுகளோடு போயிற்று.

என் வேண்டுகோள் ஒன்று. இடைமுகம் மாற்றுவது, பெயர் மாற்றுவது, வரி நீக்குவது மூன்றையும் ஒரே கமிட்டில் செய்யாதீர்கள். பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கும்போதே, பழைய நிரலைக் கொண்டு உள்ளீடும் வெளியீடுமாகச் சில நூறு இணைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 1, 7, 8, 9 ஆகியவை அவற்றில் கட்டாயம் இருக்கட்டும். ஒரே கோப்பை இருமுறை திறந்து எழுதியதும் இருக்கட்டும். அந்தக் கணினியை அணைத்துவிட்டால் இவற்றை எடுக்க வேறு வழி கிடையாது.

எட்டாம்பிட்:

கோப்பைத் திறந்து எழுதிய ஒவ்வொரு அமர்வும் எங்கே தொடங்கியது என்று கோப்பில் குறிப்பு ஏதும் இருக்காது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. முதலில் முந்தைய பதிவின் கடைசித் தொகுதியைக் கொண்டு படியுங்கள். முதல் எட்டு பைட்டுகள் எல்லாம் இலக்கங்களாக இல்லாவிட்டால், மீண்டும் குறிவிலக்க வேண்டியதுகூட இல்லை. அந்தக் குப்பையையே அதே முந்தைய தொகுதியோடு எக்ஸ்-ஆர் செய்தால், ஐவெக் சுழியம் என்பதால், ஊழியர் எண் வெளிவந்துவிடும். இரண்டு வழியிலும் இலக்கங்கள் வராத பதிவைத் தனியே ஒதுக்கிப் பதிந்துகொள்ளுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இதைக் குறுக்கு வழி என்று யாராவது சொன்னால், 2011-இல் கிரிப்ட்_ப்ளோஃபிஷ் என்ற கடவுச்சொல் சுருக்க நூலகத்தில் குறியுடைய எழுத்துகளைக் கையாளுவதில் இருந்த பிழை தெரியவந்தபோது நடந்ததைச் சொல்லுங்கள். பழைய, தவறான கடவுச்சொல் சுருக்கங்களைத் தூக்கி எறிய முடியாததால் அவற்றுக்கு 2எக்ஸ் என்றும், சரியானவற்றுக்கு 2ஒய் என்றும் முன்னொட்டுக் கொடுத்து, தவறாகக் கணக்கிடும் நிரலையும் வேண்டுமென்றே உடன் வைத்துக்கொண்டார்கள். கோப்பில் ஏறிவிட்ட பிழை அந்தக் கோப்பின் வடிவமைப்பாகிவிடுகிறது.

தறிநூல்:

செய்து முடித்தேன். எக்ஸ்-ஆர் வழியில் எல்லா அமர்வுத் தொடக்கங்களும் வந்துவிட்டன. இரண்டு பதிவுகள் மட்டும் எந்த வழியிலும் வரவில்லை. அவற்றின் தலைப்பிலுள்ள நீளமே கோப்பின் எல்லையைத் தாண்டுகிறது. எழுதும்போது மின்சாரம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றைக் கணக்குப் பிரிவின் அச்சுப் பிரதியோடு ஒப்பிடக் கொடுத்துவிட்டேன். நீக்கிய வரியை அதன் இடத்திலேயே திரும்ப வைத்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று மேலே நான்கு வரிக் குறிப்பும் எழுதிவிட்டேன். சோதனை இணைகளை எடுக்கப் பழைய கணினியை இம்மாத இறுதிவரை அணைக்காமல் வைத்திருக்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஏஇஎஸ் மாற்றத்தின்போது சாவியை நிரலிலிருந்து வெளியே எடுப்பது பற்றித் தனியாகக் கேட்கிறேன்.